இட்லிக்கு மார்க் போடுவீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பீர் பற்றிய கட்டுரை. குடிப்பதைப் பற்றிப் படிக்கவே பிடிக்காதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். போன வாரம் எழுதிய நிலாக் கட்டுரை முழுக்க முழுக்க சைவம் :-) இதை எங்கள் அப்பா படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒருவேளை படித்துவிட்டால், அப்பா, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஐந்துக்கு இரண்டே கால். ஒரு கிராமத்து பீருக்கு நான் செல்பேசியில் போட்ட மார்க் இது. கூடவே ஒரு வரி விமர்சனம் வேறு: தண்ணீர் மாதிரி இருக்கிறது, நனைந்த அட்டைப்பெட்டி வாசம், கடைசியில் லேசான புளிப்பு. எழுதிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டைப்பெட்டி வாசத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நாக்கு தேறிவிட்டதே! அந்த ஒரு வரியைத்தான் இப்போது ஒரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

நான் படிப்பது ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில். வரைபடத்தில் பவேரியா மாநிலத்துக்குள் இருந்தாலும் இந்த ஊர்க்காரர்களைப் பவேரியாக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். இவர்கள் பிராங்கோனியர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பவேரியாவோடு சேர்க்கப்பட்டார்கள், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. பீர் விஷயத்திலும் இதே கதைதான். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் போடக்கூடாது என்று 1516இல் பவேரியப் பிரபு போட்ட சட்டத்தை உலகமே சொல்லும். (ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு உயிர் என்பதே அப்போது தெரியாது.) பாம்பெர்க் நகரத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால், எங்கள் ஆயர் 1489லேயே போட்டுவிட்டார் என்று பதில் வரும். 27 வருடம் சீனியாரிட்டி!

பாம்பெர்க்கைச் சுற்றி இருக்கும் மேல் பிராங்கோனியா மாவட்டத்தில் சுமார் பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள். ஆலை என்றதும் புகைபோக்கி, சங்கு, லாரி வரிசை என்று கற்பனை செய்யாதீர்கள். பாதிக்கு மேல் நம்மூர் எண்ணெய்ச் செக்கு அளவுதான். முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் கொப்பரை, மாடியில் வீடு. அவுஃப்செஸ் என்ற சின்ன ஊராட்சி, 1500 பேர்கூட இல்லாத இடத்தில் நான்கு பீர் ஆலைகள் வைத்திருந்ததற்காக 2000ஆம் ஆண்டில் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. நான்கையும் இணைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். சுமார் 14 கிலோமீட்டர். நான் நடந்திருக்கிறேன். முழுசாக நடந்தேனா என்று கேட்காதீர்கள்.

இங்கே 'கெல்லர்' என்று ஒரு விஷயம் உண்டு. வார்த்தைக்கு அர்த்தம் நிலவறை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்க மலைச்சரிவைக் குடைந்து சுரங்கம் தோண்டினார்கள். சூடு இறங்காமல் இருக்க மேலே நிழல் மரங்களை நட்டார்கள். கோடையில் பீர் கீழே இருக்கும்போது நாம் ஏன் வெயிலில் நிற்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றி, மரத்தடியில் பெஞ்சு போட்டாயிற்று. ஆகவே இங்கே 'நிலவறைக்குள்' போவதில்லை, 'நிலவறை மேலே' போகிறார்கள். தட்டில் ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கி எல்லாம் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம். பாட்டிகள் வருவார்கள், கைக்குழந்தைகள் வரும், நாய்கள் மேஜைக்கு அடியில் தூங்கும். அரை லிட்டர் மண் குவளைக்கு 'சைட்லா' என்று பெயர். ஒன்று வாங்கினால் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

எனக்கு இது முதலில் பெரிய அதிர்ச்சி. நான் பிறந்து வளர்ந்த தெருவில் குடி என்பது வேறு. 2003இல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. தெரிந்த வயதில் பார்த்ததெல்லாம் கம்பி வலைக்குள் நீளும் கை, சுவரோரம் நின்றபடி மூச்சுவிடாமல் ஒரே இழுப்பு, பிளாஸ்டிக் தம்ளர், வீட்டில் காத்திருக்கும் பெண்களின் பயம். ருசி என்ற சொல்லுக்கே அங்கே வேலை கிடையாது. வேகமாக ஏற வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு பாட்டி தன் பேரனின் தலையைத் தடவிக்கொண்டே ஒரு சைட்லாவை இரண்டு மணி நேரம் குடிப்பதைப் பார்த்தபோது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. (இங்கே குடிநோயே இல்லை என்று ஜல்லியடிக்க வரவில்லை. இருக்கிறது, ரயில் நிலைய வாசலில் தினமும் பார்க்கிறேன்.)

என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஆய்வகத்து சீனியர். மதுரைக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. குடித்த ஒவ்வொரு பீருக்கும் அரைப் பக்கம். தேதி, ஊர், யாரோடு போனார், என்ன சாப்பிட்டார், பிறகுதான் பீர். "தம்பி, பீர் குடிக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான். ருசி பாக்கிறவன் பத்துப் பேர். நீ எதுல சேரப்போறே?" என்று கேட்டுத்தான் முதல் சனிக்கிழமை என்னைப் பாம்பெர்க் கூட்டிப்போனார்.

அங்கே ஷ்லெங்கர்லா என்ற பழைய கடையில் புகை பீர். முன்காலத்தில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, விறகுத் தீயில் நேரடியாகக் காயவைத்ததால் எல்லா பீருமே கொஞ்சம் புகை வாசம் அடித்திருக்கும். புகை படாத உலைகள் வந்தபிறகு உலகம் நிம்மதியாக அந்த வாசத்தைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் இந்தக் கடையும் ஸ்பெட்சியால் என்ற இன்னொரு கடையும் விடவில்லை. இன்றும் பீச் மர விறகில் தாங்களே மால்ட் காயவைக்கிறார்கள். முதல் வாய்க்கு என் மூளையில் தோன்றிய ஒரே படம்: சுட்ட கருவாட்டைப் போட்டு ஊறவைத்த தண்ணீர். மூஞ்சியைப் பார்த்துவிட்டு அண்ணன் குவளைக்கு அடியில் இருந்த அட்டையைக் காட்டினார். முதல் மடக்கு விசித்திரமாக இருந்தாலும் நிறுத்திவிடாதே, போகப் போகப் பிடிக்கும் என்ற அர்த்தத்தில் அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தது! தன் சரக்கு முதலில் பிடிக்காது என்று தானே அச்சடித்துக் கொடுக்கிற கடையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது சைட்லா பாதியில் கருவாடு காணாமல் போயிற்று. மூக்கு புகைக்குப் பழகிவிட்டால் அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். சமையலறையில் இருப்பவருக்குத் தாளிப்பு வாசம் தெரியாத மாதிரி. அதற்குப் பிறகுதான் அடியில் இருந்த பீர் வெளியே வந்தது. பன் ரொட்டியின் கருகிய விளிம்பு, கொஞ்சம் கருப்பட்டி, வேப்பம்பூ ரசம் மாதிரி ஒரு சுத்தமான கசப்பு. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அன்று இரவே ஒரு செயலியை இறக்கி மார்க் போட ஆரம்பித்துவிட்டேன். நோட்டெல்லாம் அண்ணனின் தலைமுறை. எனக்கு நட்சத்திரம் போதும்.

மார்க் போடும் முறைகள் பல உண்டு. போட்டி நடுவர்களுக்கு அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற அமைப்பின் தாள் இருக்கிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. இதில் ஒரு நல்ல விஷயம், நடுவர் ஒவ்வொரு பீரையும் அதன் வகைக்குள்தான் எடைபோடுவார். அந்த வகை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இணையத்தில் 2000இல் வந்த ரேட்பீர் தளமும் 50க்குத்தான் போட வைத்தது, பங்கீடு மட்டும் வேறு. 2010இல் வந்த அன்டாப்டு வேலையைச் சுருக்கிவிட்டது. ஐந்துக்குள் கால் கால் புள்ளியாக நகர்த்தி ஒரு எண், முடிந்தது. எது எந்த வகை, எதற்கு எதோடு ஒப்பீடு என்றெல்லாம் நம்மை யாரும் கேட்பதில்லை. பிடித்திருக்கிறதா, அவ்வளவுதான்.

இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது.

நம் வீட்டு இட்லிக்கு ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள்? யோசித்துப் பாருங்கள். பிரியாணிக்கு நாலரை போட்டிருப்பீர்கள், தலப்பாகட்டு எல்லாம் நினைவுக்கு வந்து ஐந்துகூடப் போட்டிருப்பீர்கள். இட்லிக்கு? நல்ல இட்லி என்றால் மூன்றரை. ரொம்ப நல்ல இட்லி, துணியில் ஊற்றி எடுத்தது என்றால் மூன்றே முக்கால். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் எதைச் சாப்பிடுகிறீர்கள்? இட்லியைத் தினமும் சாப்பிட முடிவதற்குக் காரணம் எதுவோ, அதேதான் அதற்கு மார்க் கிடைக்காததற்கும் காரணம். அது கத்துவதில்லை.

பீர்த் தளங்களின் முதல் ஐம்பது இடங்களைப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே கூட்டம்தான். கன்னங்கரேலென்று, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட்கள். விஸ்கிப் பீப்பாயில் ஊறவைத்தது, காபி போட்டது, வெனிலா போட்டது. சின்ன கிளாஸில் ஒரு வாய் குடித்தால் பிரமாதம்தான், மறுக்கவில்லை. 5 சதவீதம்கூட இல்லாத, மாம்பழத்தோல் நிறத்தில் லேசாகக் கலங்கலாக இருக்கிற, பெரிய வாசனை எதுவும் இல்லாத கெல்லர் பீர் அந்தப் பட்டியலில் எப்படி வரும்?

ஒரு வாய் சோதனையின் கோளாறு இது. 1975இல் அமெரிக்காவில் பெப்சிக்காரர்கள் கண்ணைக் கட்டாத குறையாக மக்களுக்கு இரண்டு கோப்பையில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து எது ருசி என்று கேட்டார்கள். பெப்சி ஜெயித்தது. ஒரு வாய்க்குக் கூடுதல் இனிப்பு ஜெயிக்கும். முழு பாட்டிலுக்கு அது திகட்டுமா என்பதை அந்தக் கோப்பை சொல்லாது. பீர் ருசி பார்ப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பாட்டிலை ஆறாகப் பங்கிட்டு, ஆளுக்கு ஐந்தாறு மடக்கு குடித்து, எண் போட்டு, அடுத்ததற்குப் போவார்கள். மாலையில் இருபது பீர் 'முடிப்பார்கள்'. அந்த முறையில் நான் முதலில் சொன்ன புகை பீர் கருவாட்டுத் தண்ணீராகவே நின்றுபோயிருக்கும்.

இன்னொன்று. இந்தப் பக்கத்துச் சில பீர்களுக்கு 'உன்கெஷ்புண்டெட்' என்று பெயர். பீப்பாயின் அடைப்பானை இறுக்காமல் விட்டுப் பக்குவப்படுத்தியது என்று பொருள். வாயு கொஞ்சம் வெளியே போய்விடும், அதனால் நுரைப்பு குறைவு, வயிறு உப்பாது. பாம்பெர்க்கில் மார்ஸ் ப்ராய் கடையில் இதைக் கேட்க 'ஊ' என்று ஒரே எழுத்து போதும். எங்கோ இருந்து வந்த ஒருவர் இந்த வகைக்கு மார்க் குறைத்து, காரணமாக கேஸ் போதவில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார். இது பரோட்டாவுக்கு உப்பி வரவில்லை என்று மார்க் குறைப்பது மாதிரி.

நிற்க. ஊரைக் குறை சொன்னது போதும், என் கதைக்கு வருகிறேன்.

எர்லாங்கனிலிருந்து ரயிலும் சைக்கிளுமாகப் போகக்கூடிய தூரத்தில் ஒரு கிராமம். பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு பீர் ஆலை. ஆலையில் ஒரே ஒரு பீர்தான். ஐயா காய்ச்சுகிறார், அம்மா பரிமாறுகிறார், வியாழன் முதல் ஞாயிறு வரை திறப்பு. போன வருடம் ஜூலையில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனபோது கடை மூடியிருந்த நாள். முற்றத்தில் நின்ற ஐயாவிடம் கேட்டு இரண்டு பாட்டில் வாங்கி, முதுகுப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் ஐந்து மணி நேரம் சுற்றினேன். ஒன்றை நண்பனுக்குக் கொடுத்தேன். மற்றது விடுதி அறையில், தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், மூன்று வாரம் நின்றது. குளிர்பதனப் பெட்டியில் என் தட்டு முழுக்க தயிர். பரீட்சை முடிந்த அன்று எடுத்துக் குடித்தேன். அன்று போட்டதுதான் இரண்டே கால்.

வேதியியல் படிக்கிறவன் நான்! அட்டைப்பெட்டி வாசம் எதனால் வருகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூட எழுதுவேன். பீர் பழசாகும்போதும் சூடாகும்போதும் டிரான்ஸ்-2-நோனினால் என்ற பொருள் தலைதூக்கும், ஒரு லிட்டரில் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு அளவு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அந்த பீர் வடிகட்டாதது, சூடுபடுத்திப் பதப்படுத்தாதது. அதற்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. அது ஊரைவிட்டு வெளியே போகவே உருவானதில்லை. பாலைக் காய்ச்சாமல் ஜன்னலில் மூன்று வாரம் வைத்துவிட்டு, மாடு சரியில்லை என்று எழுதியவன் நான்.

இது எனக்கு உறைத்தது செப்டம்பரில். அண்ணனோடு அதே கிராமத்துக்குப் போனேன், இந்த முறை கடை திறந்திருந்தது. மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா இரண்டு சைட்லா கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். எப்படிச் சொல்வது... அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய ரொட்டி. வறுத்த பொட்டுக்கடலை. நாக்கின் ஓரங்களில் மெல்லிய கசப்பு வந்து உட்கார்ந்து, அடுத்த மடக்குக்கு இடம் விட்டு எழுந்து போயிற்று. அட்டையும் இல்லை, புளிப்பும் இல்லை. வேறு பீரோ என்று அம்மாவிடமே கேட்டேன். "எங்களிடம் வேறு ஏது?" என்று சிரித்தார்.

அப்போதுதான் பக்கத்து மேஜைக்கு நான்கு பேர் வந்தார்கள். வெளியூர் சைக்கிள் பயணிகள், நல்ல உடை, நல்ல சைக்கிள். உட்கார்ந்ததும் ஒருவர் செல்பேசியை எடுத்தார். மற்றவர்களிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இங்கே சராசரி குறைவாக இருக்கிறது, ஏழு கிலோமீட்டரில் இன்னொன்று இருக்கிறது, அதற்கு மூன்றரைக்கு மேல். அப்புறம் சிரித்துக்கொண்டே விமர்சனம் ஒன்றை வாசித்தார். அட்டைப்பெட்டி என்று.

என் வரி.

நான்கு பேரும் எழுந்து போனார்கள். அம்மா அதற்குள் ஆர்டர் எடுக்கப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். நின்றார், அவர்கள் போவதைப் பார்த்தார், முன்றானையில் (ஏப்ரன்தான், ஆனால் அவர் கை துடைத்த விதம் எங்கள் அத்தை மாதிரியே இருந்தது) கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு என் மார்க் தெரியும், போட்ட அன்றே பீற்றிக்கொண்டிருந்தேனே. "தம்பி, நாலு சைட்லா, நாலு சாப்பாடு. கணக்குல வச்சுக்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒரு மார்க்கில் என்ன ஆகிவிடும் என்பீர்கள். கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் பேர் மார்க் போட்ட பெரிய கம்பெனி பீருக்கு நான் இரண்டே கால் போட்டால் சராசரி நான்காவது தசமத்தில்தான் அசையும், யாருக்கும் தெரியாது. இந்தக் கிராமத்து பீருக்கு என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்தான். மற்ற பத்துப் பேரின் சராசரி 3.4 என்றால் என்னால் அது 3.3 ஆகிறது. பெரிய வீழ்ச்சி இல்லைதான். ஆனால் எல்லா பீரும் 3க்கும் 4க்கும் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பட்டியலில் 0.1 என்பது சில படிகள். எண்ணைவிட அந்த ஒரு வரி இன்னும் மோசம். பதினொரு பேரில் எழுத்தாகப் பேசியது நானும் இன்னொருவரும்தான்.

அதாவது, யார் கையில் குறைவாக இருக்கிறதோ அவர்கள் மேல்தான் நம் எண்ணின் கனம் முழுசாக விழுகிறது. பெரிய ஆலைக்கு நாம் கொசு. சின்ன ஆலைக்கு நாம் மின்வாரியம்.

இவர்கள் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1970களில் மேற்கு ஜெர்மனியில் ஆளுக்கு வருடத்துக்கு 150 லிட்டர் அளவுக்கு பீர் ஓடியது. இப்போது 90ஐ ஒட்டித்தான். உடம்புக்கு நல்லது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குறைவதன் அடி பெரியவர்கள் மேல் மட்டும் விழுவதில்லை. மின்சாரம், பாட்டில், மால்ட் எல்லாம் விலை ஏறிவிட்டது, பிள்ளைகள் நியூரம்பெர்க்கில் கணினி வேலைக்குப் போய்விட்டார்கள். கிராமத்து ஆலைகள் பல மூடப்படுவது மார்க்கினால் இல்லை, வாரிசு இல்லாததால். ஆனாலும் நான்கு சாப்பாடு நான்கு சாப்பாடுதான்.

அப்படியானால் மார்க்கே போடக்கூடாதா? அண்ணன் அப்படித்தான் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பாதியை நான் கண்டுபிடித்ததே யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி வைத்த குறிப்புகளால். பேருந்து எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை கடை லீவு, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது வரை எழுதியிருந்தார்கள். அதற்கும் முன்னால் மைக்கேல் ஜாக்சன் என்று ஒரு ஆங்கிலேயர் (ஆடிப் பாடியவர் இல்லை, இவர் தாடிவைத்த பத்திரிகையாளர், 2007இல் இறந்தார்) 1977இலேயே உலகத்து பீர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். பெல்ஜியத்தின் சின்னச் சின்ன ஆலைகளை வெளியுலகம் திரும்பிப் பார்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எழுத்து காப்பாற்றும். எண் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை.

எண்ணால் லாபம் வந்த இடத்தில்கூட அது தொந்தரவாகத்தான் போயிருக்கிறது. பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்துத் துறவிகள் காய்ச்சும் '12' என்ற பீரை 2005இல் ரேட்பீர் உலகத்திலேயே முதல் இடத்தில் வைத்தது. மடத்து வாசலில் கார் வரிசை, கையிருப்பு காலி. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு கொப்பரை வாங்கியிருப்பார்கள். துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். மடம் நடக்கும் அளவுக்குக் காய்ச்சுவதுதான் அவர்கள் கணக்கு.

அந்த ரேட்பீரின் கதையும் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் இலவசமாக எழுதி எழுதி வளர்த்த தளம். உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனியான ஏ.பி. இன்பெவின் கிளை நிறுவனம் அதில் பங்கு வாங்கியிருப்பது 2017இல் வெளியே தெரிந்து, எங்கள் பீர்களை எடுத்துவிடுங்கள் என்று டாக்ஃபிஷ் ஹெட் மாதிரியான ஆலைகள் சண்டைக்கு வந்தன. 2019இல் முழுவதும் கை மாறியது. 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். கால் நூற்றாண்டுக் குறிப்புகள். அண்ணனின் நோட்டு இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது, அதில் ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. நோட்டு அண்ணன் தலைமுறை என்று நக்கலடித்தேனே, அதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நான் என்ன செய்கிறேன்? குடித்த இடத்தில் குடித்ததற்கு மட்டும் எழுதுகிறேன். பாட்டில் என்றால் எத்தனை நாள் பழசு, எங்கே வைத்திருந்தேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். முழு சைட்லா முடிக்காமல் எண் போடுவதில்லை. கெல்லர் பீரை கெல்லர் பீரோடுதான் ஒப்பிடுகிறேன். ஐம்பது பேருக்கும் குறைவாக மார்க் போட்ட பீர் என்றால் எண்ணே கிடையாது, எழுத்து மட்டும். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று எழுதுவதும் இல்லை. போன மாதம் ஒரு ஊரில் வெண்ணெய்ப் பிசுக்கு வாசம் அடித்தது, குழாய் கழுவவில்லை என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் அங்கேயே கடைக்காரரிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்து வேறு பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இதை நட்சத்திரத்தில் எப்படிப் போடுவது, சொல்லுங்கள்.

அந்த இரண்டே காலை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அன்று இரவே மூன்றே முக்கால் என்று மாற்றினேன். பிறகு அதுவும் லஞ்சம் மாதிரி பட்டது. இரண்டையும் அழித்துவிட்டேன். நான்கு பேர் எழுந்து போனதை அழிக்க பொத்தான் இல்லை.

போன மாதம் மறுபடியும் போனேன். தனியாக. அம்மாவிடம் ஜெர்மன் தைரியம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, அந்த விமர்சனம் எழுதியது நான்தான் என்று சொன்னேன். ஜன்னல், வெயில், மூன்று வாரம் எல்லாவற்றையும். அவருக்கு விமர்சனம் பற்றியே தெரிந்திருக்கவில்லை, மருமகள்தான் அதையெல்லாம் பார்ப்பாளாம். ஆனால் ஜன்னல் விஷயம் கேட்டதும் உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. எண் போட்டதற்கு இல்லை. மூன்று வாரம் வெயிலில் வைத்ததற்கு! உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார், அவரும் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பாட்டிலை நிலவறையில் எப்படி நிறுத்த வேண்டும், எத்தனை நாளில் குடிக்க வேண்டும் என்று இருவரும் மாறி மாறி எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார்கள். பிராங்கோனியப் பேச்சுவழக்கில் பாதி புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்கே கணக்கு வைப்பது குவளைக்கு அடியில் இருக்கும் அட்டையில்தான். ஒவ்வொரு சைட்லாவுக்கும் பென்சிலால் ஒரு கோடு. கிளம்பும்போது என் அட்டையில் இரண்டு கோடு இருந்தது. அம்மா கூட்டிப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு, இரண்டு பாட்டிலை ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சைக்கிளை நிலையம் வரை உருட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தயிரை வெளியே எடுத்து வைத்தேன்.